பர்மாக் கல்லின் வெள்ளைப் பக்கம்

அலமாரியில் இருக்கிற கறுப்புக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் ஏன் வெள்ளையாக மின்னுகிறது என்று நீங்கள் இருவரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். போன வாரம் சின்னவள் அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்க எடுத்தபோது நான் சத்தம் போட்டுவிட்டேன். அழவும் வைத்துவிட்டேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

அது பர்மாக் கல். தவாய்ப் பக்கத்துச் சுரங்கத்தில் எனக்கு ஒன்பது வருஷம் வேலை. ஓடை மண்ணை மரத்தட்டில் அள்ளித் தண்ணீரில் சுழற்றினால் லேசான மணல் வழிந்து போகும், கனமானது அடியில் தங்கும். அப்படித் தங்குவதுதான் வெள்ளீயத் தாது. படித்தவர்கள் காசிட்டரைட் என்பார்கள். அங்கிருந்து இந்தியர்களான எங்களைப் பர்மா அரசாங்கம் கப்பலேற்றி விரட்டியபோது உங்கள் அம்மாவின் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெறும் கல்தானே என்று என் கையிலேயே போட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு எனக்கு மிஞ்சியது அதுதான்.

அந்தமானுக்கு வந்து, போர்ட் பிளேரில் முதலில் ஹேடோ கப்பல் துறையில் மூட்டை தூக்கினேன். பிறகு மெயின்லேண்டிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. பர்மாவில் கிடைக்கிற வெள்ளீயம் அதே கடலில் இருக்கிற நம் தீவிலும் கிடைக்குமா என்று பார்க்க வந்தவர்கள். தட்டு சுழற்றத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் நம் தமிழ்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பக்கத்திலிருந்த புரோத்ராபூர் ஓடைகளில் மூன்று மாதம் அலசினோம். கிடைத்தது கறுப்பு மணல். அது வெள்ளீயம் இல்லை என்று முதல் வாரமே எனக்குத் தெரியும். காந்தத்தைக் காட்டினால் பாதி மணல் ஒட்டிக்கொண்டு வந்தது, கையிலும் கனம் போதவில்லை. சொன்னேன்.

"தட்டு சுத்துறது உன் வேலை, அதுக்குப் பேர் வைக்கிறது என் வேலை" என்றார் மேற்பார்வையாளர்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்த ராஞ்சிக்காரக் கூலியாட்களுக்கு உண்மையான தாது எப்படிக் கனக்கும் என்று காட்டுவதற்காக இந்தக் கல்லை எடுத்தேன். ஒரு கையில் இது, இன்னொரு கையில் அதே அளவு ஓடைக்கல். அவர்கள் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்து கல்லைப் பறித்தார். ஓடையில் கிடைத்ததை நான் ஒளித்து வைத்துவிட்டேன் என்றார். பர்மாவிலிருந்து கொண்டு வந்தது சார் என்று சொன்னேன். காது கொடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் என் பையைக் கொட்டச் சொன்னார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து கரண்டியால் கிளறினார்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'சோர்'. இந்தியில் திருடன். "அரே சோர், தட்டைக் கொண்டா" என்று விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் புரோத்ராபூர் கடைத்தெருவரைக்கும் அது போய்விட்டது. கடைக்காரர் உங்கள் அம்மாவை உள்ளே விடாமல் வாசலிலேயே நிற்க வைத்துச் சாமான் கொடுத்தார்.

கல்லுக்கு எண் போட்டு, ஓடையின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, கண்ணாடிப் புட்டியில் வைத்துவிட்டார் மேற்பார்வையாளர். அந்தமானில் வெள்ளீயம் இருக்கிறது என்று அறிக்கையும் எழுதினார். அதைப் பார்க்கப் பெரிய அதிகாரி கப்பலில் வருவதாகக் கடிதம் வந்தது.

அவர் வருவதற்கு முதல் நாள் மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா, நெசமாவே அது பர்மாக் கல்லா?"

நான் அவரையே பார்த்தேன். கரண்டியால் கிளறிய சோறு நினைவுக்கு வந்தது.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான் சார்."

அவருக்கு மூச்சு வந்தது. தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள். ஆனால் அதற்காக நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், இல்லை.

மறுநாள் ஹேடோ கொட்டகையில் பெரிய அதிகாரி ஒரு துத்தநாகத் தகட்டைப் பீங்கான் தட்டில் வைத்து, அதன்மேல் எங்கள் கறுப்பு மணலைத் தூவி அமிலம் ஊற்றினார். நுரைத்தது. மணல் கறுப்பாகவே இருந்தது. அடுத்துக் கல்லை வைத்தார். கொஞ்ச நேரத்தில் தகட்டைத் தொட்ட பக்கம் சாம்பல் பூத்தது. எடுத்துக் கழுவிக் கைக்குட்டையால் தேய்த்தார். வெள்ளி மாதிரி மின்னியது. தாதுவிலிருந்த வெள்ளீயம் வெளியே வந்து படிந்திருந்தது.

மேற்பார்வையாளர் சிரித்த சிரிப்பை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அதிகாரி கல்லைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஓடையில், இந்த ஆள் திருடி வைத்திருந்தான், நான்தான் பிடித்தேன் என்று மேற்பார்வையாளர் பெருமையாகச் சொன்னார். ஓடையில் உருண்ட கல்லுக்கு விளிம்பு இவ்வளவு கூராக இருக்குமா என்று கேட்டார் அதிகாரி. இதில் ஒட்டியிருக்கிற வெள்ளைக் கல்லும் மைக்காத் தகடும் கருங்கல் பாறையோடு வருபவை, நீங்கள் அலசிய ஓடைக்கு மேலே அந்தப் பாறையைக் காட்டுங்கள் என்றார். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தவாய், சாப், ஒன்பது வருஷம் என்றேன்.

அறிக்கையை மூடினார். கல்லை என்னிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

மேற்பார்வையாளர் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிட்டுக் குடுங்க சார்."

"பர்மா" என்றார், வாய்க்குள்ளேயே.

"இவங்களுக்குத் தமிழ் தெரியாது சார். இந்தியில சொல்லுங்க. என்னைப் பத்தியும் சேத்துச் சொல்லுங்க."

ராஞ்சிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பர்மா கா பத்தர் ஹை" என்றார். இன்னும் நின்றேன். "யே ஆத்மி சோர் நஹீ ஹை." இந்த ஆள் திருடன் இல்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொண்டேன். அதே கப்பலில் அவரைத் திருப்பி அழைத்துப் போனார்கள். வழியனுப்ப, அவர் பெட்டியைக் கேட்டு வாங்கி நானே தூக்கிக்கொண்டு போனேன். துறையில் நின்றவர்கள் எல்லோரும் எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

அந்த வெள்ளைப் பக்கத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் போய்விடும்.