அடிக்கிறவன் சொல்லட்டும்

எங்கள் கேம்ப் வாலிபால் அணிக்குப் பல வருடம் லிஃப்டராக இருந்த அண்ணன் விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போனபோது, அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பேச்சுக்கு அவர் ஏறிய விமானம் தரையை விட்டுக் கிளம்பும்வரைகூட மதிப்பிருக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டையில், கட்டட வேலைக்காரர்கள் தங்கும் கேம்ப்பில் இருந்தோம். டயர் கடைக்கும் கம்பி குடோனுக்கும் இடையே ஒரு மணல்வெளி. சைட்டிலிருந்து கொண்டுவந்த சாரக் குழாய்கள் இரண்டை நட்டு வலை கட்டியிருந்தோம். ஜிப்சம் பவுடரில் கோடு போடுவோம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் அந்த இடத்தைச் சுற்றி ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். தண்ணீர் கேன், பெயிண்ட் டப்பா, சிமெண்ட் கல், உட்கார எது கிடைத்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வாலிபால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிராளி போடும் பந்தை ஒருவன் வாங்குவான். இரண்டாவது ஆள் அதை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பான். மூன்றாவது ஆள் எகிறி அடிப்பான். அந்த நடு ஆள்தான் லிஃப்டர். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு உயரத்தில் கொடுப்பது, வலையை ஒட்டியா தள்ளியா என்று முடிவு செய்கிறவன் அவன்தான். ஆட்டமே அவன் கையில். ஆனால் கைதட்டு வாங்குகிறவன் அடிக்கிறவன். லிஃப்டருக்குக் கிடைப்பது திட்டு மட்டும். அந்தத் திட்டை வாங்குவதற்காகத்தான் நான் இரண்டு சீசன் வெளியே உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போட்டேன். வாரத்தில் ஆறு நாள் நான் ஒரு ஹெல்பர். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏ பாய், இதர் ஆவ், ஜல்தி, அவ்வளவுதான் என் பெயர். வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டுக்குள் நின்றால் மட்டும் நான் ஓர் ஆள். எனக்கு அது வேண்டியிருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த அண்ணன் போன கையோடு புது விசாவில் ஒருவன் வந்து சேர்ந்தான். திருநெல்வேலிப் பக்கம். நெடுநெடுவென்று வளர்த்தி. கல்லூரி அணியில் லிஃப்டராக ஆடியவனாம். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். நான் குடித்த டீ கிளாஸையும் சேர்த்துக் கழுவி வைப்பான். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் கேம்ப்புகளுக்கு இடையே போட்டி நடந்தது. எங்கள் அணிக்கு மேனேஜர் ஃபோர்மேன்தான். வலை, பந்து, ஜெர்சி எல்லாம் கம்பெனியிடம் பேசி வாங்கித் தந்தவர் அவர். அவரும் திருநெல்வேலிக்காரர். யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று ஒரு செட் என்னையும் ஒரு செட் நெட்டையனையும் இறக்கினார். அப்படியே ஜெயித்து ஜெயித்து ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டோம். ஃபைனலில் மட்டும் இந்த மாற்றி மாற்றி இறக்குகிற வேலை கிடையாது, ஒரே ஆள்தான் ஆடவேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது வாக்குவாதம்.

கேம்ப் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. குட்டைக் கட்சி, நெட்டைக் கட்சி. குட்டை நான். விடிவதற்கு முன் டூட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பல்கூட விளக்கியிருக்காத வாய்களிலிருந்து விவாதம் தொடங்கும். நான் ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது.

"குட்டையனுக்குக் கை சுத்தம்பா. பந்து அவன் விரல்ல பட்ட சத்தமே கேக்காது. நெட்டையன் தூக்குனா டபுள் டச்சுன்னு ஃபவுல் ஆவுது."

"சுத்தமா இருந்து என்ன பண்ண? பின்னால விழுற பந்துக்கு ஓடுறதுக்குள்ள இவனுக்கு நாக்கு தள்ளிருது. அவன் ரெண்டு எட்டுல போயி நிக்கிறான்."

"இவன் மூணு வருசமா இங்கயே கெடக்கான். நேத்து வந்தவனுக்குத் தூக்கிக் குடுத்தா என்ன நியாயம்?"

"மூணு வருசம் கெடந்தா? கெடந்ததுக்கு எல்லாம் எடம் குடுத்தா வலை கட்டுன அந்த சாரக் கொழாய்க்குத்தான் மொதல்ல குடுக்கணும்."

இப்படிப் பேசியவர்களில் பாதிப்பேர் வாலிபாலைத் தொட்டது, கக்கூஸ் கூரையில் போய் விழுந்ததை எடுத்துப் போட்டபோதுதான். ஆனால் தீர்ப்பு சொல்வதில் ஒருவனுக்கு ஒருவன் சளைத்தவன் இல்லை. பஸ் ஓட்டிய பாகிஸ்தான் பட்டாணிக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. அவனும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "லம்பா வாலா அச்சா ஹை, பாய். கலாஸ்" என்று, நெட்டையன்தான் நல்ல ஆள், பேச்சு முடிந்தது என்கிற மாதிரி முடித்து வைப்பான். முடி வெட்டப் போனால் அங்கேயும் இதே பேச்சு. ஒரு சனிக்கிழமை இரண்டு கட்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு ஒரே அறையில் தனித்தனியாகச் சமைக்கத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. நமக்காக ஒருவன் குழம்புச் சட்டியைப் பிரித்து வைக்கிறானே என்று.

என் கட்சிக்குத் தலைவர் ஒரு புதுக்கோட்டை பிளம்பர். தொண்டை கட்டும்வரைக்கும் எனக்காகப் பேசினார். "இவன ஒக்கார வச்சா நான் மைதானத்துப் பக்கமே வரமாட்டேன்" என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டும் நான் அதிகம் பதறாமல் இருந்ததற்குக் காரணம் என் சிநேகிதன். அணியில் அடிக்கிறவன் அவன். அவன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய்தான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஏஜெண்ட், ஒரே விமானம். அறையில் கீழ்க்கட்டில் அவனுக்கு, மேல்கட்டில் எனக்கு. பள்ளிக்கூடத்தில் அவன் எகிறக் கற்றுக்கொண்டதே நான் தூக்கிக் கொடுத்த பந்துக்குத்தான். அவன் முழங்காலை எவ்வளவு மடக்குகிறான் என்று பார்த்தே எவ்வளவு உயரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் வாயைத் திறந்து பேசிக்கொண்டதே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபோர்மேன் கேம்ப் வாசலில் நின்று ஒரு வழி சொன்னார்.

"ஏல, ஒங்க சண்டையக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிக்கி. இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். பந்தை அடிக்கப்போறவன் எவன்? அவன் சொல்லட்டும். யாரு கையில இருந்து பந்து வேணும்னு நாளைக்கு எல்லாருக்கும் முன்னால அவனே சொல்லட்டும். அதுக்குமேல ஒருத்தன் வாயத் தொறக்கப்பிடாது."

அடிக்கிறவன் சொல்லட்டும். இரண்டு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். என் கட்சிக்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள். நெட்டையன்கூட என்னைப் பார்த்துச் சிரித்து, "அப்ப நீங்கதாம்ணே" என்றான்.

அன்று சமையல் எங்கள் இருவர் முறை. அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்கு என்னடா சொல்லப்போற?"

"இது என்னடா கேள்வி. ஒம்பேரச் சொல்லாம வேற யாரு பேரச் சொல்லப்போறேன்? போயி உப்ப எடு."

நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரம் முழுவதும் அவன் முகம் சரியில்லாமல்தான் இருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு ஃபோர்மேன் பின்னால் அலைந்துகொண்டிருந்தான். கட்டடத்தை ஒப்படைக்கிற ஹேண்டோவர் முடியும்வரைக்கும் லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று அவர் சொல்லியிருந்தார். அந்தக் கவலை என்று நினைத்து அவன் தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன்.

மறுநாள் கேம்ப்பே திரண்டு நின்றது. எதிரணிக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வார்ம்அப் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஜெர்சியை மாட்டி, விரல்களுக்கு டேப் சுற்றி முடித்துவிட்டேன். ஃபோர்மேன் அவனைப் பார்த்து, "சொல்லுல" என்றார்.

அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. நெட்டையன் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

எனக்குக் கோபம் உடனே வரவில்லை. வாய் தவறிப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டான், இப்போது திருத்திச் சொல்வான் என்றுதான் நின்றேன். அவன் எழுந்து கோட்டுக்குள் போனான். அப்போதுதான் என் கையில் டேப் சுற்றியிருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அதை உரிக்கவும் முடியவில்லை. கையை ஜெர்சிக்குள் விட்டுக்கொண்டு ஒரு சிமெண்ட் கல்லில் போய் உட்கார்ந்தேன்.

தோற்கவேண்டும் என்று நினைத்தேன். என் அணிதான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன், அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் ஜெயித்தார்கள். சும்மா இல்லை, எதிரணியைப் புரட்டி எடுத்தார்கள். நெட்டையன் வலைக்கு மேல் தூக்கி வைத்த பந்துகளை என் சிநேகிதன் எகிறி எகிறி மணலில் புதைத்தான். அவ்வளவு உயரத்தில் அவன் அடித்து நான் பார்த்ததே இல்லை. கடைசிப் பாயிண்ட் விழுந்ததும் நெட்டையனைத் தூக்கிச் சுற்றினான். என் கட்சித் தலைவர் பிளம்பர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். விசில் அடித்துவிட்டு அடுத்தவனிடம் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல, நெட்டையன்தான் சரிப்படுவான்னு." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் அதை மனசார நம்பிச் சொன்னார். குட்டைக் கட்சி என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே சனிக்கிழமை பஸ்ஸில் இல்லை.

அடுத்த வாரமே அவனுக்கு லீவு கிடைத்துவிட்டது. ஹேண்டோவர் முடியவில்லை, பாதி ஜன்னலுக்குக் கண்ணாடிகூட மாட்டவில்லை, ஆனால் லீவு மட்டும் கிடைத்துவிட்டது. கேம்ப்பில் யாரும் இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்: ஃபோர்மேனும் நெட்டையனும் ஒரே ஊர்ப்பக்கம். எங்கள் அறையில் அவன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்.

"லீவுக்காகத்தான் அவன் பேரச் சொன்னியா?"

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"லீவும் வேணும்டா. அவன் பந்தும் நல்லாத்தான் வருது. எதுக்காகச் சொன்னேன்னு கேட்டா எனக்கே தெரியல."

'லீவுக்காக ஒன்ன வித்துட்டேன்' என்று அவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே கட்டிப் பிடித்திருப்பேன். தங்கச்சி கல்யாணம், நானும் அதைத்தான் செய்திருப்பேன். 'அவன் பந்தும் நல்லாத்தான் வருது' என்ற வார்த்தைதான் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. அப்படியென்றால் நான் தூக்கிக் கொடுத்த பந்துகளை இத்தனை வருடமும் என்னவென்று அடித்தான்? எங்கள் ஊர்க்காரன் என்று சகித்துக்கொண்டா?

லீவில் போகிறவனிடம் எல்லோரும் வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவது வழக்கம். போனவன் வீடுவீடாகப் போய்ச் சேர்த்துவிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும். அறையில் எல்லோரும் அவன் கட்டிலில் பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் வைக்கவில்லை. அவன் கிளம்பும்போது "ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டான். நான் மேல்கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கார்டு வாங்கிக்கொண்டு பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நீ குடுத்துவிட்டதெல்லாம் வந்துச்சுய்யா. பால் பவுடரு, தைலம், எனக்கு ஒரு சீல. கல்யாண வீட்டு வேலையில அந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வந்து ஒக்காந்து இம்புட்டு நேரம் ஒன்னையப் பத்தியே பேசிட்டுப் போறான்யா."

நான் எதுவும் கொடுத்துவிடவில்லை என்று சொல்லாமல், என்ன பேசினான் என்று கேட்டேன்.

"பெரிய பந்தயத்துல கப்பு ஜெயிச்சீகளாமே? நீதான் ஆடிக் குடுத்தியாம். நீ தூக்கிக் குடுத்தாத்தான் அவனுக்கு அடிக்கவே வருமாம். ஒன்னையவிட்டா அங்க ஆளே இல்லையாம். அதச் சொல்லும்போது அந்தப் புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சுய்யா."

மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கவேண்டிய பெயரை, எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நான் அவனைப் பற்றி இனி யாரிடம் என்ன சொன்னாலும் அம்மா நம்பமாட்டாள்.

"என்னய்யா, நெசந்தானே?" என்றாள் அம்மா.

"நெசந்தாம்மா" என்றேன்.