ஜாவாவில் விட்ட வெற்றிடம்

ஹார்லெம் நகரத்து அச்சுக்கூடத்தில் ரீக் ஃபெர்ஹூலுக்கு, தாளில் அச்சாக வேண்டிய ஆள், மாடு பொம்மைகளைக் கல்லின் மேல் வரையும் வேலை. தன் நாட்டின் ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளின் அலங்கார வரைபடம் அவள் கைக்கு வந்தால், மலையோரம் எருமை நிற்கும், தோட்டத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டே தேயிலை கிள்ளுவார்கள். அந்தப் படங்களில் யாரும் அழுததாகச் சரித்திரமே இல்லை. துப்பாக்கியும் கிடையாது.

அவளுடைய ஒரே மகன் வௌட்டர் படையில் சேர்ந்து, துப்பாக்கியோடுதான் அந்தத் தீவுகளில் ஒன்றான ஜாவாவுக்குப் போனான். சுகபூமி என்ற ஊருக்குத் தெற்கே ஓர் ஆற்றங்கரையில் செத்தான். அங்கேயே புதைத்துவிட்டதாகப் படையிலிருந்து வந்து சொன்னார்கள். ரீக் அன்று மதியம் உருளைக்கிழங்கு உரித்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். அழுகை வரும் என்று கொஞ்ச நாள் பார்த்தாள், அப்புறம் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

அந்த வசந்தத்தில் ஒரு தேயிலைக் கம்பெனி தன் கடைகளில் மாட்ட ஜாவா படம் கேட்டது. ரீக்குக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை: அந்த ஆற்றங்கரையில் எந்தப் பொம்மையும் நிற்கக் கூடாது. மகனுடைய பள்ளிக்கூட அட்லஸில் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். கல்லில் அதை மட்டும் சும்மா விட்டாள்.

மாதிரித் தாள் வந்ததும் முதலாளி டெர்ப்ஸ்ட்ரா கூப்பிட்டார்.

"என்னம்மா ரீக், கிழக்குப் பக்கம் வழுக்கை விழுந்திருக்கு? மேற்கால பாருங்க, எவ்வளவு அம்சமா இருக்கு! தேயிலை கிள்ளுற அந்தக் கூடைக்காரி சிரிப்புக்கே சரக்கு வித்துடும்னு கம்பெனிக்காரர் சொல்றாரு."

கல்லில் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும், அச்சில் திரும்பிவிடும். நேற்றுச் சேர்ந்தவர்களுக்கும் தெரிந்த சங்கதி. பொம்மைகளை எல்லாம் ஒழுங்காக மாற்றிப் போட்ட கை, அந்த ஓர் இடத்தை மட்டும் அட்லஸில் பார்த்தபடியே விட்டிருந்தது. ஊர்ப் பெயர்களை வேறு ஆள் வேறு கல்லில் எழுதியதால் அவளுக்குத் தெரியவில்லை. இப்போது அச்சில் வெற்றிடம் கிழக்கே போய்விட, சுகபூமிக்குத் தெற்கே கூடைக்காரி காலை ஊன்றி நின்று சிரித்தாள்.

"அவளை எடுத்துடலாமா, சார்?"

"அவளையா? விளையாடுறீங்களா? வழுக்கையை மூடுங்க, போதும்."

"ஏன் ரீக்கக்கா, இந்த வயசுல வலது இடது மறந்துபோச்சா?" என்று பக்கத்து மேஜை தீனா சிரித்தாள்.

"ஆமா" என்றாள் ரீக். வெற்றிடத்தில் ஓர் எருமையை வரைந்து கொடுத்தாள்.

இலையுதிர் காலத்தில், அவள் வழக்கமாகத் தேயிலை வாங்கும் கடையிலும் அந்தப் படம் தொங்கியது.

"உங்க கைவேலைதானே? இதுல எந்தப் பொம்மை உங்களுக்குப் பிடிச்சது?" என்று கேட்டார் கடைக்காரர்.

ரீக் கூடைக்காரியின் காலடியில் விரலை வைத்தாள்.

"இங்கதான் என் பையன் இருக்கான். இவ அவன் மேல நிக்கிறா."

கடைக்காரர் தேயிலையை நிறுத்தார். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள்.