உதறாத பிரேக்

சித்தேரி மலைக்கு வாராவாரம் போய்ப் புளி எடுத்து வருகிறவன் நான். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி, இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. அதில் ஏபிஎஸ் பிரேக் உண்டு, சக்கரம் இறுகிப்போய் வண்டி திரும்பாமல் சறுக்குவதைத் தடுப்பது. தார் ரோட்டில் அது இருப்பதே தெரியாது. நான் புளி வாங்கும் ஊருக்குள் இறங்கும் ஜல்லி ரோட்டில்தான் தன் வேலையைக் காட்டும். மிதித்தால் பெடல் கடகடவென்று உதறும். அந்தப் பக்கமிருந்து யாரோ நம் காலைத் திருப்பி உதைப்பது போலிருக்கும். சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டுவிடும், வண்டி பாட்டுக்கு உருண்டு போகும்.

என் மகள் லைசென்ஸ் எடுத்த புதிதில் அந்த உதறலுக்குப் பயந்து காலை எடுத்துவிடுவாள். நான் பொறுமை இல்லாத மனுஷன், பக்கத்தில் உட்கார்ந்து கத்துவேன். உதறினால் பிரேக் வேலை செய்கிறது என்று அர்த்தம், காலை எடுக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பு என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவளும் பழகிக்கொண்டாள்.

போன மாசியில் அந்த ஜல்லி இறக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. மிதித்தேன், உதறியது, வண்டி நிற்கவில்லை. ஒரு சாண் இடைவெளியில் கன்று தப்பியது. வந்த ஆத்திரத்தில் ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கி டேஷ்போர்டு அறைக்குள் போட்டுவைத்தேன். மறுபடி இறக்கத்தில் மிதித்தபோது சக்கரங்கள் இறுகி, ஜல்லியைக் கீறிக்கொண்டு சட்டென்று நின்றன. மெக்கானிக்குக்கே பாடம் எடுக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஒரே தொல்லை, ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு அணையாமல் எரிந்தது. கண்ணை உறுத்தியது. மனைவி கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. என் வண்டி, நான்தானே ஓட்டுகிறேன் என்ற திமிர்தான்.

பங்குனியில் ஒரு மத்தியானம், மகளும் நானும் மலையில் இருந்தோம். மலைக்குக் கீழே பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதாக மனைவி போன் செய்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, களத்தில் புளி காய்ந்துகொண்டிருந்தது. நான் போய் அம்மாவைக் கூட்டி வருகிறேன் என்றாள் மகள். சாவியை நானே கொடுத்தேன். ஊரிலிருந்து ஜல்லி மேட்டில் ஏறினால் தார் ரோடு. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை.

தார்ப்பாயின் ஒரு முனையைத்தான் இழுத்திருப்பேன், முதல் தூறல் விழுந்தது. மாசக்கணக்கில் காய்ந்த ரோட்டில் முதல் மழை, இறக்கம் முழுக்க எண்ணெய் பூசியது போல வழுக்கும். அப்போதுதான் ஃபியூஸ் ஞாபகம் வந்தது. போன் போட்டேன், சிக்னல் இல்லை. புளியை அப்படியே விட்டுவிட்டு, ஊர்க்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தேன். ரோடு காலியாகவே இருந்தது.

ஆறாவது வளைவில் வண்டி பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரில் மூக்கை வைத்து நின்றது. சுவரில் இரண்டு கல் இல்லை. மகள் எதிர்ப்பக்கம் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், உதடு கிழிந்திருந்தது.

"எம் மேலதாம்பா தப்பு. மிதிச்சேன், உதறல. சரியா மிதிக்கலன்னு இன்னும் அழுத்துனேன். உதறும் உதறும்னு பாத்துக்கிட்டே திருப்புறேன், வண்டி திரும்பவே இல்ல."

கல் விழுந்த இடத்தில் எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தது உண்மை. பழியை அவளே எடுத்துக்கொண்டாளே. பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குள் போய்ச் சாவியைத் திருப்பி, அவள் பார்க்கப் பொட்டை உரித்தேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"அம்மா ஒட்டி வெச்சதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"நாந்தாங் கண்ணு ஒட்டுனேன். ஃபியூஸையும் நாந்தான் புடுங்குனேன்."

அவள் உதட்டு ரத்தத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

ஃபியூஸை அங்கேயே மாட்டிவிட்டேன். ஜல்லி ரோட்டில் இப்போதும் பெடல் உதறுகிறது. சாவியை நீட்டினால் மகள் வாங்குவதில்லை, "நீங்களே ஓட்டுங்கப்பா" என்கிறாள். கோபமாகக்கூடச் சொல்வதில்லை. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒரு முறை எரிந்து அணையும். அது அணைகிற வரைக்கும் அவள் சீட் பெல்ட்டைப் போடாமல், கதவில் கை வைத்தபடியே காத்திருக்கிறாள்.