ஒன்றரைக் கட்டையில் என் பாட்டு

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலை காலி என்று தெரிந்த அன்றே விண்ணப்பித்துவிட்டு, மறுநாளிலிருந்து போனையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரூரில் இருபது வருடமாகக் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். முகூர்த்தமில்லாத மாதங்களில் சும்மா உட்கார்ந்திருப்பது என்னால் ஆகாது. இந்த வேலை எனக்கு வேண்டும், வேண்டவே வேண்டும் என்றிருந்தது.

பதில் வந்தது. சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டு, பியானோ ஒலியில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நேரில் வரும்போது அதன் சுரங்களை எழுதிய நோட்டேஷன் தாள் கொண்டுவர வேண்டும். பாட்டையும் அதன் வரிகளையும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். நோட்டேஷன்தான் தகராறு. காதால் கேட்டதை வாசிப்பேன், எழுத வராது.

பதிவைக் கொடுத்தால் ஏஐ நோட்டேஷன் எழுதித் தரும் என்று ஒரு செயலி கிடைத்தது. அது எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்தேன். வந்த தாளில் எடுத்த எடுப்பிலேயே ஐந்து ஃப்ளாட் குறி, அதாவது ஐந்து சுரம் கறுப்புக் கீயில். கறுப்புக் கீயாகக் கொட்டிக் கிடந்தது. நான் வாசித்ததோ அத்தனையும் வெள்ளைக் கீ.

"திருட்டு மெசினு! நான் வாசிச்சத உட்டுட்டு வேற எதையோ எழுதியிருக்குது" என்று கத்தினேன்.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது மேல ஏங்க பாயறீங்க? பாடறவருக்காக ஒரு பட்டன அமுக்கி வெப்பீங்களே, அதப் பாத்தீங்களா?"

பார்த்தேன். டிரான்ஸ்போஸ் பட்டன் 'ஒன்று' என்ற எண்ணில் நின்றிருந்தது. கச்சேரிக்காரர்களின் பழக்கம் இது. பாடகருக்கு வேண்டிய சுருதியைப் பட்டனில் வைத்துவிடுவோம்; விரல் எப்போதும் அதே வெள்ளைக் கீகளில்தான் ஓடும். விரல் இருந்தது வெள்ளைக் கீயிலேயே அமையும் ஒரு கட்டைச் சுருதியில், ஒலி வந்தது அதற்கு ஒரு கீ மேலே, ஒன்றரைக் கட்டையில். செயலி கேட்டதை எழுதியிருக்கிறது. அசடு வழிந்தபடி, தாள் முழுவதையும் செயலியிலேயே ஒரு கட்டைக்கு இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளியில் நிஜப் பியானோ. பக்கத்தில் நான்கு பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

"நீங்க அனுப்புன பாட்ட இவங்க கேட்டுக் கேட்டுப் பழகிட்டாங்க சார். அதே ஒன்றரைக் கட்டையில வாசிங்க, பாடுவாங்க" என்றார் இசைப் பொறுப்பாசிரியை.

"ஒரு கட்டையில வாசிக்கட்டுங்களா?"

"கிளாஸ்ல பசங்க எந்தச் சுருதியில பாடுனாலும் வாசிக்கணும் இல்லைங்களா?"

நியாயமான கேள்விதான். பியானோவில் பட்டன் ஏது? துணிந்து கறுப்புக் கீகளில் கை வைத்தேன். இரண்டாவது வரியிலேயே விரல் வெள்ளைக்குச் சறுக்கியது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி சறுக்கியது.

"பாட்டு உங்களோடதுதானுங்களா சார்?" என்று கேட்டார் ஆசிரியை.

சுருக்கென்றது. "என்னோடதுதாங்க! வெள்ளைக் கீயில மட்டுந்தான் எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று கொட்டிவிட்டேன். இருபது வருடத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அவர் பிள்ளைகளைப் பார்த்துத் தலையசைத்தார். பியானோ இல்லாமலேயே ஒரு சுரம் பிசகாமல் பாட்டைப் பாடி முடித்தார்கள். பெருமைப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது.

வேலை இல்லை என்பதை அவர் அங்கேயே சொல்லிவிட்டார். "பாட்டு ரொம்ப நல்லாருக்குதுங்க. ஆண்டு விழாவுல பாட வெக்கலாங்களா? நோட்டேஷன மட்டும் ஒன்றரைக் கட்டைக்கு மாத்தி அனுப்பிடுங்க."

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே மாற்றி அனுப்பினேன். செயலிக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.