காது டீச்சரின் பதினான்காம் கேள்வி

மிக்சியை ஓடவிட்டுத்தான் காது டீச்சர் பரீட்சை தயாரிப்பார். அடுப்படி மேடையில் போனை வைத்து, பதிவுப் பொத்தானை அமுக்கி, எதிரே நிற்கும் கணவருக்குக் கண் காட்டுவார். அவர் ஒருநாள் பஸ் கண்டக்டர், ஒருநாள் நோயாளி. கொஞ்சம் திருத்தமாகப் பேசிவிட்டால் போச்சு. "ஏங்க, நியூஸா வாசிக்கிறீங்க? வீட்ல பேசற மாதிரி பேசுங்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பாவம், அந்த மனிதருக்குச் சொந்த வீட்டில் வாயைத் திறக்கவே ஒத்திகை வேண்டியிருக்கிறது.

தமிழ் தெரியாமல் வேலைக்கு வந்தவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும் மையம் அது. அங்கே காதால் கேட்டு எழுதும் தேர்வு டீச்சரின் பொறுப்பு. சத்தமில்லாத அறையில் பதிவு செய்யலாமே என்றால் சண்டைக்கு வந்துவிடுவார். "சத்தமே இல்லாத தமிழ் எந்தத் தெருவுல கிடைக்கும்?" என்பார். புரிகிறதா என்று யாரையும் கேட்கமாட்டார். கேட்டால் எல்லோரும் பூம்பூம் மாடாய்த் தலையாட்டுவார்களாம். அவர் பார்ப்பது புருவத்தை. நிஜமாகவே புரிந்தவர்களுக்குப் பேனா அசையுமுன் புருவம் ஏறிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. தேர்வு நேரத்தில் ஒவ்வொரு நெற்றியாக மேய்ந்துகொண்டிருப்பார்.

அன்று ஐந்து மணிக்கு முடிவு ஒட்டவேண்டும். நாலரைக்கு விடைத்தாள்களை அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பொறுப்பாளர் அறைக்குள் நுழைந்தார் டீச்சர். பின்னாலேயே, தேர்வு எழுதியவர்களில் ஒருவரான நர்சம்மா. ஆஸ்பத்திரி வேலை நிரந்தரமாக அறுபது மதிப்பெண் வேண்டும். இரண்டு முறை தவறி, இது கடைசி வாய்ப்பு. கிடைத்திருப்பது ஐம்பத்தொன்பது.

சிக்கல் பதினான்காம் கேள்வியில். ஒலிப்பதிவில் டீச்சரின் நாத்தனார், "சரிக்கா, அப்ப நான் வரேன்" என்கிறார். அவர் என்ன செய்யப்போகிறார்? மற்ற எட்டுப் பேரும் 'வரப்போகிறார்' என்று குறித்திருந்தார்கள். நர்சம்மா மட்டும் 'கிளம்பப்போகிறார்'. பொறுப்பாளர் எழுதிய விடைக்குறிப்போ எட்டுப் பேர் கட்சி.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலி நகர்வது, பையின் ஜிப், செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பதிவில் சேர்த்தவர் அவர். அதைப் பிடித்த ஒரே காது இது! வார்டுக்கு வந்த புதிதில், "வரேம்மா" என்று சொல்லிப் போன ஆட்களுக்கெல்லாம் நர்சம்மா நாற்காலி எடுத்துப் போட்டுக் காத்திருந்தாராம். ஒரு வாரம் ஒருத்தரும் திரும்பி வராத பிறகுதான் விஷயம் பிடிபட்டதாம். இதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார் டீச்சர். விடையைத் திருத்தினாலும் மற்ற எட்டுப் பேரும் தேறிவிடுவார்கள் என்றும் சொல்லிப் பார்த்தார்.

பொறுப்பாளர் மசியவில்லை. இலக்கண ஆள். பதிவைக் கேட்டீர்களா என்றதற்கு, எழுத்தில் படித்தேனே, போதாதா என்றார். "டீச்சர், வான்னா வாதான், போன்னா போதான். அகராதியைப் பாருங்க." சொல்லிவிட்டுக் கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

டீச்சர் விடைத்தாள்களைத் திரட்டிக்கொண்டார். கேட்கும் தேர்வுக்குக் கேட்காமலே விடை எழுதியவரிடம் என்னத்தைப் பேச? நர்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி நின்று பிரயோசனமில்லை என்று பையின் ஜிப்பை இழுத்து மூடினார். செருப்பு கதவுப் பக்கம் திரும்பியது.

"அப்ப நான் வரேன் சார்."

"சரிம்மா, பாத்துப் போங்க" என்றார் பொறுப்பாளர், தலை நிமிராமலே.

மெல்ல அவர் தலை நிமிர்ந்தது. புருவம் இரண்டும் ஏறின. டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, விடைக்குறிப்பின் மேல் வைத்து, அவர் பக்கம் நகர்த்தினார்.