உருளைக்கிழங்கு மூட்டையோடு படியேறியவர்கள்

பிள்ளைகளே, நீங்களும் அம்மாவும் கனடா வந்து சேர்வதற்கு முந்தின பனிக்காலத்தில் நடந்தது இது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் படிக்கட்டுத் துடைக்கும் வேலை எனக்கு.

தினமும் காலையில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்றைப் படிக்கட்டில் காண்பேன். இருவர் முதுகிலும் பெரிய பை. பையில் சுருட்டிய போர்வை, தொங்கும் சட்டி. லிப்ட் இருக்க, மெல்ல மெல்ல ஏறுவார்கள், இறங்குவார்கள், படியில் உட்கார்ந்து பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்பார்கள். சட்டியும் போர்வையுமாக மனிதர் நடந்தால் அது வீடு இழந்துதான் என்பது எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு. பிள்ளைகள் துரத்திவிட்டார்கள், குளிருக்கு இங்கே ஒதுங்குகிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஒருநாள் என் புட்டுப் பார்சலைக் கொடுத்தேன். ஆசையாகச் சாப்பிட்டார்கள். சந்தேகமே இல்லாமல் போயிற்று.

யாராவது அறை கொடுக்கட்டும் என்று நினைத்து, கட்டட ஒபிசில் இருந்த பெண்ணிடம் அரைகுறை இங்கிலீசில் சொன்னேன். அவளோ, மூட்டையோடு படிக்கட்டில் யாரும் ஏறக்கூடாதென்று தடை போட்டுவிட்டாள்.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட சுப்பிரின்டென்டன்ட் அண்ணை நம்மூர்க்காரர். என்னிடம் பாய்ந்து வந்தார்.

"உமக்கென்ன விசரே? அதுகள் ஏழாம் மாடியிலை வாடகைக்கு இருக்கிற சனம். பைக்குள்ளை பாரத்துக்கு உருளைக்கிழங்கு! ஐரோப்பாவிலை மலை நடக்கப் பழகுதுகள்."

"மலை தாண்டி ஆரிட்டைப் போகினம், அண்ணை?"

"ஒருத்தரிட்டையுமில்லை. சும்மா நடக்க."

சும்மா நடக்க! எனக்கு விளங்கவேயில்லை. மலிவான டிக்கெட், கூடாரம், பாண் என்று இரண்டு மாதம் நடக்கப் போகிறார்களாம். கிழவருக்கு முழங்காலில் ஒப்பரேசன். வசந்தத்துக்குள் பாரத்தோடு பதினெட்டு மாடி ஏறினால்தான் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளியே எல்லாம் ஐஸ். அவர்களின் மலையை நான்தான் பூட்டிவிட்டேன்.

மறுநாள் ஒபிசுக்குப் போனேன். "வேலை போனால் என்னைக் கேளாதையும்" என்றார் அண்ணை. ஆனாலும் கூடவே வந்தார். என் பிழை, அவர்களுக்கு வீடு இருக்கிறது, நடப்பார்கள், அவ்வளவுதான் என்று தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். படி ஈரமாக இருந்து அவர்கள் விழுந்தால் நீதான் பொறுப்பு என்று சொல்லி அந்த ஒபிஸ் பெண் சம்மதித்தாள். அன்று முதல் ஒரு மணி நேரம் முந்தி வந்து துடைத்து, அவர்கள் வரும்முன் காயவிட்டேன்.

பனி உருகிய ஒருநாள் கிழவர் பதினெட்டாம் மாடியில் நின்று கையை உயர்த்தினார். மூதாட்டி படியிலேயே வரைபடத்தை விரித்தார். இத்தாலிக்கும் பிரான்சுக்கும் நடுவே ஓரிடத்தில் நான் விரல் வைத்தேன். இங்கே வரும் வழியில் ஏஜென்ட் எங்களை இருட்டில் கடத்திய மலை அது. "அங்கே என்ன கண்டாய்?" என்று மூதாட்டி கேட்டார். முன்னால் போனவரின் குதிக்காலை மட்டும் என்றேன். அவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

கோடையில் எனக்கொரு போஸ்ட்காட் வந்தது. பச்சைச் சரிவு, நீலப் பூக்கள், கீழே கண்ணாடிபோல ஒரு குளம். பின்பக்கத்தை அண்ணை வாசித்துச் சொன்னார்: "நீ நடந்தபோது உன் இடப்பக்கம் இருந்தது இதுதான். முழங்கால் சுகம்."

பயத்தோடு கடந்த வழியிலும் பூ இருந்திருக்கிறது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். போஸ்ட்காட் வந்த அன்று மாலை மல்வேர்ன் பஸ்ஸில் வந்தவன், வீட்டுக்கு நாலு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி, வெயில் சாயும்வரை தனியே, சும்மா நடந்தேன்.