பாதிச் சத்தம்

அன்று எங்கள் தாராவி சபையில் இருந்தது மூன்றே பேர்: போதகர், கம்ப்யூட்டரில் பாட்டு ஓட்டும் புரோகிராம் எழுதித் தந்த மாட்டுங்காப் பெண், அதை இயக்கும் நான். திரையில் வால்யூம் கோட்டைச் சற்று நகர்த்தினாலே ஸ்பீக்கர் அலறும். அதற்குமேல் ஏற்றினால் வித்தியாசமே தெரியாது.

"எல, இன்னொரு ஞாயிறு அலறுச்சுன்னா அந்தச் சேர்ல வேற ஆளு" என்றார் போதகர்.

அவள் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சத்தத்தை மெல்ல ஏற்றினாள். "பாதிச் சத்தம்னு தோணும்போது சொல்லுங்கண்ணா."

"நான் ஏழாங்கிளாஸ்தாம்மா."

"காதுக்கு எதுக்கு கிளாஸ்?"

நான் சொன்ன அளவையே கோட்டின் நடுவில் வைத்தாள். என்ன மூளை! ஞாயிறன்று நான் கோட்டை நகர்த்த நகர்த்த சத்தம் படிப்படியாகவே ஏறியது, சேர் தப்பியது. சரியாக வந்தால் மட்டும் காசு என்றிருந்தாள். சபை அவளுக்குத் தர வேண்டிய எண்ணூறு ரூபாய் இன்னும் பாக்கி.